பெட்டியில் ஏறிய தோசைக்கல்

விடுமுறை முடிந்து கனடாவுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், சங்கரன்கோவிலில் என் மாமியார் வீட்டில், நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் பெட்டியிலிருந்த சாம்பார்ப் பொடியை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். பொடி இருந்த இடத்தில் இரும்புத் தோசைக்கல் ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

கல் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பைக்கில் வந்தது. கொண்டுவந்தவர் என் மாமனாருக்குத் தூரத்துச் சொந்தம். அவர் மகளும் கனடாவில்தான் இருக்கிறாள். அங்குள்ள சட்டியில் தோசை ஒட்டுகிறதாம். அவள் இருக்கும் ஊருக்கு நாங்கள் விமானத்தில்தான் போக வேண்டும் என்றேன்.

"ஒரே நாடுதான தாயி, லீவு நாள்ல ஒரு எட்டு போய்க் குடுத்துட்டு வந்துரலாம்லா" என்றார்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்க எங்கள் சொந்தத்தில் ஆளுக்கா பஞ்சம்! அந்தப் பொடிக்காக மொட்டை மாடியில் மிளகாயையும் மல்லியையும் காயப்போட்டு, மில்லில் தும்மித் தும்மி நின்று அரைத்து வந்தவள் நான். பெட்டியின் எடையோ ஏற்கெனவே வரம்பைத் தொட்டிருந்தது.

"அங்கன கடையில இல்லாததாட்டி? டாலர்ல சம்பாதிக்கிய, ஒரு பொடிக்கா இந்தப் பாடு?" என்றார் அத்தை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்க இங்கே எல்லோருக்கும் தெரியும். வாடகையை அப்படிப் பெருக்கிப் பார்த்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அதை இவர்களிடம் சொல்லாத முதல் குற்றவாளி என் கணவர்தான். அங்கே ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கினால்கூட ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துத் தலையில் கைவைப்பார். ஊருக்கு வந்துவிட்டால் வாயில் கொழுக்கட்டை. அன்றும் தலையைக் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதனால் நானே சொன்னேன். எங்கள் இரண்டு சம்பளத்தில் ஒன்று முழுசாக வாடகைக்கே போய்விடுகிறது. அதுவும் ஒரே ஒரு படுக்கையறை. துணி துவைக்கக் கீழ்த்தளத்து மெஷினுக்கு ஒவ்வொரு தடவையும் காசு போட வேண்டும் என்பதால் போர்வை துவைக்கிற நாளைத் தள்ளிக்கொண்டே போவோம். பனிக்காலத்தில் ஹீட்டரைக் கூட்டாமல் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொள்வோம். கரண்ட், இண்டர்நெட், பஸ் பாஸ் எதிலும் கைவைக்க முடியாது. பெரிதாக மிச்சம் பிடிக்க முடிந்தது சாப்பாட்டில் மட்டும்தான். ஹோட்டல் பக்கமே போகாமல் வீட்டில் குழம்பு வைத்து, டப்பாவில் கட்டிக்கொண்டு இருவரும் வேலைக்கு ஓடுகிறோம். இதே பொடி அங்கே கையளவு பாக்கெட்டில் வரும். அதன் விலைக்கு இங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம்.

பேசி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அத்தை என் கணவரைப் பார்த்தார். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்போ மாசாமாசம் எங்களுக்கு அனுப்புதியளே, அது எதுலருந்துட்டி வருது?" என்று அத்தை என்னிடம் கேட்டார்.

"இந்தப் பொடியிலருந்துதான் அத்தை" என்றேன்.

அத்தை குனிந்து, இரண்டு கையாலும் தோசைக்கல்லைத் தூக்கி, கரிவலம்வந்தநல்லூர்க்காரர் முன்னால் வைத்தார். "அண்ணாச்சி, வருத்தப்படாதிய. இதைக் கூரியர்ல போட்டுக்கிடுங்க."

"கூரியரா? நல்லாச் சொன்னிய! கேட்டுட்டுத்தான வாரேன். இந்தக் கல்லு விலையைப்போல பத்து மடங்கு சொல்லுதான். வெளிநாட்டு விலையாம். மனுசன் குடுக்க முடியுமா அதை?"

விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் மனுஷர்! நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை பொடிப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்:

"அந்த வெலையிலதான் அண்ணாச்சி, எம் பிள்ளையள் ரெண்டும் அங்கன குடித்தனம் நடத்துது."