எதிர்ப்பு: ஒன்று

போன வாரம் நடந்தவை, வரிசைப்படி:

1. நானும் மல்லிகாவும் சேர்ந்து கள்ளக்குறிச்சியில் திறக்க இருந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் பார்ட்னர்ஷிப் பத்திரம் டைப் ஆகி வந்தது.
2. கையெழுத்துப் போட எலவனாசூர்கோட்டையிலிருந்து மல்லிகா பஸ் ஏறி வக்கீல் ஆபீசுக்கு வந்தாள்.
3. ஏழாவது ஷரத்து வரை படித்தாள்.
4. பேனாவை மூடி வைத்தாள்.

ஷரத்துகளை எழுதியது நான். ஏழாவது இதுதான் — பங்குதாரர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால், சம்மதித்தவர் யார், மறுத்தவர் யார் என்று பெயருடன் நோட்டில் பதிய வேண்டும்.

"இன்னாடி இது? மறுபடியும் என் பேர எழுதப் போறியா?"

குரல் உயரவில்லை.

போன வருடம், எண்பத்தேழில், பாலிடெக்னிக்கில் எங்களுக்குக் கடைசி வருடம். நான் மாணவர் சங்கச் செயலாளர். இட ஒதுக்கீடு கேட்டு ஊரெல்லாம் மறியல். மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். நாங்களும் வகுப்பைப் புறக்கணிப்பதா என்று முடிவெடுக்கச் சங்கம் கூடியது. எல்லோரும் கை தூக்கினார்கள். மல்லிகா தூக்கவில்லை.

"எடஒதுக்கீடு வேணும்னுதான் நானும் சொல்றேன். பிராக்டிகல் முடியட்டும், அப்புறம் போலாம்" என்றாள். அவ்வளவுதான்.

மினிட்ஸ் நோட்டில் நான் எழுதியது: ஆதரவு — மற்ற அனைவரும். எதிர்ப்பு — ஒன்று, மல்லிகா. அவள் சொன்ன காரணத்தை எழுதவில்லை. வழக்கம்போல ஒரு காப்பியை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டினேன்.

மறுநாள் அவளுக்குப் பெயரே மாறிவிட்டது.

"டேய், எதிர்ப்பு ஒண்ணு வந்துக்கினு இருக்குது, வழி வுடுங்கடா."

கேன்டீனில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. நான்? நானும் வேறு பெஞ்சில்தான் சாப்பிட்டேன். செயலாளர் நடுநிலையாக இருக்க வேண்டுமாம்!

அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததால் மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். நம்மில் பலரும் இப்படித்தானே நமக்குச் சௌகரியமாக முடிவு கட்டிக்கொள்கிறோம்?

"ஏழாவத அடிச்சிடலாம்டி" என்றேன்.

"அடிச்சா போயிடுமா? கடையிலயும் நீ எழுதுவ, நான் ஒண்டியா நிக்கணும். எனக்கு ஒத்துவராது, உட்டுடு."

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போகவில்லை. குமாஸ்தாவிடம், வேறு என்ன வழி என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

"கம்பெனின்னாலும் ரெண்டு பேராவது வேணும்மா. சொசைட்டின்னா இன்னும் ஜாஸ்தி ஆளு. ஒருத்தரு மட்டும்னா பத்திரமே வேணாம். போர்ட மாட்டிக்கினு ஒக்கார வேண்டியதுதான்."

யாருடைய சம்மதமும் கேட்க வேண்டாத தொழில் அமைப்பு அது ஒன்றுதான். எவ்வளவு சுலபம் பாருங்கள்...

கடை திறந்தாயிற்று. இந்த வாரம் மூன்று பம்ப்செட் மோட்டார் வந்தன. மேஜை மேல் தூக்கி வைக்க இன்னொரு ஆள் வேண்டும். அதனால் தரையில் உட்கார்ந்தே காயில் சுற்றுகிறேன். மல்லிகாவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.