வாழைவெட்டுக் கத்தியின் நுனி

அந்தக் கத்தியைச் செய்விக்க முன்வந்த காலத்தில் நான் துறைமுக வேலைத்தலம் ஒன்றின் மேற்பார்வையாளன். கல்லூரியில் கற்றுத் தேறியவன். எங்கள் அம்மன் கோயில் பரிபாலன சபையின் தலைவன். நான் சொன்ன சொல்லை நகரத்தில் எவரும் சோதித்துப் பார்த்ததில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. எதை இழக்கக்கூடியவனாக நான் நின்றேன் என்பது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விஜயதசமியன்று மாலை எங்கள் கோயில் வீதியில் வாழைவெட்டு நடக்கும். அசுரனாகப் பாவித்து நட்ட வாழையைக் குருக்கள் ஒரே வீச்சில் வீழ்த்த வேண்டும். முந்திய ஆண்டு பழைய கத்தி தண்டின் நடுவே இறுகி நின்றுவிட்டது. மூன்றாம் வெட்டில்தான் வாழை சாய்ந்தது. அதன்பின் எந்த வீட்டில் காய்ச்சல் கண்டாலும், எந்த வலை வெறுமையாகத் திரும்பினாலும், அந்த வெட்டே காரணமாயிற்று. சபைக் கூட்டத்தில் எழுந்து, புதுக் கத்தி என் பொறுப்பு என்றும், வாழை ஒரே வெட்டில் விழாவிடில் பதவி விலகுவேன் என்றும் அறிவித்தேன்.

சந்தைக்குப் பின்னால் இரும்புப் பட்டறை வைத்திருந்த ஆசாரியாரிடம் லொறியின் வில்லுத்தகடு ஒன்றை ஒப்படைத்தேன். அவர் நாவடக்கம் இல்லாதவர். கைவேலையில் குறை சொல்ல இயலாதவர். சிரட்டைக்கரி உலையில் தகடு சிவந்து, சம்மட்டியின் கீழ் நீண்டு, என் கை நீள அலகாயிற்று. அரம் போட்டு விளிம்பை ஒழுங்காக்கி, மீண்டும் சிவக்கக் காய்ச்சி, இரும்பு இறுகி உரம் ஏறுவதற்காக எண்ணெய்த் தொட்டியில் இறக்கினார். ‘டிக்’ என்று ஓர் ஓசை எழுந்தது.

“என்ன சத்தம், ஆசாரியார்?”

“பல்லி சொல்லுதாக்கும், ஐயா.”

நான் சிரிக்கவில்லை. அலகு ஆறியதும் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியின் தூளைத் தூவினேன். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் தூளில் ஊறிக் காட்டிக்கொடுக்கும். வேலைத்தலத்தில் நாங்கள் கையாண்ட முறை அது. நுனிக்குச் சற்று உள்ளே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. மறுநாள் விஜயதசமி. புதிதாக ஒன்றை அடித்தெடுக்க நேரமில்லை.

“மினுக்கி விட்டால் ஆருக்கையா தெரியும்? வெட்டுறது நடு அலகுதானே.”

“எனக்குத் தெரியும். வெட்டுற அதிர்ச்சியில கோடு ஓடினால் துண்டு சனத்துக்குள்ள பறக்கும். நுனியை அறுத்தெடுங்கோ.”

“அதுக்குத் திரும்பக் காய்ச்ச வேணும். சூடு நடுவுக்கு ஏறினால் உரம் போயிடும். பிறகு வாழை வெட்ட ஏலாது, வெண்ணெய்தான் வெட்டலாம். அந்தப் பழி எனக்கு வேண்டாம்.”

“பழி என்னுடையது. காய்ச்சுங்கோ.”

நனைத்த சாக்கை அலகில் இறுகச் சுற்றி, நுனியை மட்டும் உலைக்குள் விட்டார். சாக்கிலிருந்து ஆவி எழ எழ நானே தண்ணீர் வார்த்தேன். வேட்டியில் கரி படிந்ததைப் பொருட்படுத்தவில்லை. நுனி சிவந்ததும் உளி வைத்துத் துண்டித்தார். பின்னர் சாக்கை அவிழ்த்து நடு அலகில் அரத்தை இழுத்தார். அரம் கடிக்காமல் வழுக்கியது. உரம் போகவில்லை. இளஞ்சூட்டில் பதப்படுத்தி, சாணை பிடித்து, பாலைமரப் பிடி பூட்டி முடித்தார்.

மறுநாள் கத்தியைக் கையில் வாங்கிய குருக்கள் அதன் மொட்டை முனையை நோக்கினார். பின் என்னை நோக்கினார்.

“இது முடிஞ்ச வேலைதானோ?”

“முடிஞ்ச வேலைதான். வெட்டுங்கோ, ஐயா.”

மேளம் உச்சத்துக்கு ஏறியது. கத்தி தண்டினூடே சென்று மறுபுறம் வந்தது. வாழை அசையாமல் நின்றது. “போச்சு” என்றார் என் பின்னால் யாரோ. அதன் பிறகே மேற்பாதி வழுக்கிச் சரிந்தது.

அடுத்த நாட் காலை வாலிபர் சிலர் கோயில் வீதி மணலைக் கிளறிக்கொண்டிருந்தனர். மொட்டை முனைக்குக் காரணம் கேட்ட ஒருவனிடம் ஆசாரியார், “வெட்டின வேகத்தில பறந்திட்டுது தம்பி. மணலில இல்லாட்டில் கொட்டியாரக் குடாவில தேடு” என்றாராம். அந்தப் பகிடியே இன்று வரலாறாகச் சொல்லப்படுகிறது: கத்தி வாழையில் முறிந்ததாம், நான் அதை மறைத்தேனாம்.

கத்தி முறியவில்லை. அதன் நுனி, வெட்டுக்கு முதல்நாள், பட்டறையில், என் கட்டளைப்படி அறுத்தெடுக்கப்பட்டது.