கழற்றிய தகடு

வெர்லின் ஹார்ட்மன் தன் பெயரைக் கெடுத்துவிட்டான் என்பது மெர்ல் யோடரின் மனதில் பல வருஷமாக ஆறாமல் கிடந்த புண். சைலன்சர் குழாய் வளைக்கிற கடைக்காரனுக்குக் கையும் பெயரும்தான் முதல். கை இன்னும் இருந்தது. பெயரைத்தான் வெர்லின் காபிக் கடையில் உட்கார்ந்து தினமும் மென்று துப்பினான். "மெர்ல்கிட்ட விட்டேன், காரைச் சமைச்சுக் குடுத்துட்டான்" என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். பழைய கார் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அடுத்த ஊர்க் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

வெர்லின் கெட்டவன் இல்லை. எல்க்ஹார்ட் ஊர்ப் பக்கம், படுக்கை சமையலறையோடு ஓடுகிற வீட்டு வண்டி செய்கிற தொழிற்சாலையில் வாழ்நாளெல்லாம் அலமாரி பொருத்தினவன். ஒரு கதவு மயிரிழை சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுவான். சூப்பர்வைசர் கத்துவதைக் காதில் வாங்கமாட்டான். மனைவி வாண்டா இறந்துபோன பிறகு அந்தப் பிடிவாதம் முழுக்க ஒரு பழைய கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் மேல் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டுக் காருக்கு அடியில் படுத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் போல்ட் தலைகளைத் தேய்ப்பான். வருஷா வருஷம் நடக்கும் பழைய கார்க் கண்காட்சியில் நடுவர்கள் கண்ணாடி பிடித்து அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். கம்பெனியிலிருந்து வந்தபோது இல்லாத பொருள் ஒன்று கண்ணில் பட்டால் மார்க் போச்சு.

அந்தக் காரின் பின் ஸ்பிரிங் இரும்புப் பட்டை இல்லை. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த ஒற்றைப் பட்டை. இரும்பு சூட்டைத் தாங்கும். பிசின் வெந்துவிடும். பழைய குழாய் துருப்பிடித்துப் போனதும் மெர்ல் புதிதாக வளைத்துப் போட்டான். அது ஸ்பிரிங்குக்கு ஒரு விரல் நெருங்கி வந்துவிட்டது. அதனால் குழாயின் சூடு ஸ்பிரிங்கில் படாதபடி இரண்டுக்கும் நடுவில் ஓர் அலுமினியத் தகட்டை, இரண்டையும் தொடாமல், காற்று ஓட இடம் விட்டு மாட்டினான். இதை மட்டும் கழற்றிவிடாதே என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தான்.

அந்த வருஷ ஆகஸ்ட் கண்காட்சியில் வெர்லினுக்கு முதல் பரிசு. திரும்பும் வழியில் ஏதோ விபத்தில் நெடுஞ்சாலை அடைபட்டு, மதியம் முழுக்க வெயிலில் கார் ஊர்ந்தது. வீட்டு வாசல் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் பிளந்து, பின்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மெர்ல் போய்க் குனிந்து பார்த்தான். பட்டை தீய்ந்த ரொட்டி நிறத்தில் இருந்தது. தகட்டைக் காணோம். எங்கே என்று கேட்டான். நீ போட்டால்தானே இருக்கும் என்றான் வெர்லின். அதோடு பேச்சு முடிந்தது. மெர்ல் ஊரில் சொல்லிப் பார்த்தான். பரிசு வாங்கினவன் சொல்தான் நின்றது.

இந்த வசந்தத்தில் வெர்லினின் மகள் லோரீன் கடைக்கு வந்தாள். அப்பாவுக்கு நுரையீரல் ஓய்ந்துவிட்டது, உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார் என்றாள். போகக்கூடாது என்றுதான் மெர்ல் இருந்தான். போனான்.

வெர்லின் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். பக்கத்துத் தட்டில் க்ரீம் பை என்கிற இனிப்பு ஒரு துண்டு தொடாமல் காய்ந்துகொண்டிருந்தது.

"என்னய்யா, இந்த மூக்குக் குழாயாவது ஒழுங்கா வளைச்சிருக்காங்களா, பாரு" என்றான்.

"நீ எதையும் கழட்டாம இருந்தா நல்லாத்தான் வேலை செய்யும்" என்றான் மெர்ல்.

வெர்லின் சிரிக்கப்போய் இருமினான். அடங்க நேரமாயிற்று. பிறகு கூரையைப் பார்த்தபடி சொன்னான். கண்காட்சிக்கு முந்தின நாள் தகட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டது அவன்தான். மார்க்குக்காக. அப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை; பொய்யைச் சொல்லிச் சொல்லி அதுவே பழகிவிட்டது.

மெர்ல் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்கிட்ட சொல்லி என்னய்யா ஆகப்போகுது? ஊருக்கில்ல தெரியணும்."

வெர்லின் வெகுநேரம் மூச்சு வாங்கினான். லோரீன் தண்ணீர் நீட்டினாள்; கையால் தள்ளிவிட்டான்.

"கார் புது ஸ்பிரிங்கோட ஷெட்ல கிடக்கு. அதுக்கு ஒரு தகடு பண்ணு. ஆகஸ்ட்ல நீயே கண்காட்சிக்கு ஓட்டிட்டுப் போ. காபிக் கடைப் பயலுக எல்லாம் நிப்பானுக. மார்க் குறைச்சாக் குறைக்கட்டும். இது எதுக்குன்னு நடுவருங்க கேப்பாங்க. அன்னைக்கு இதைக் கழட்டி எறிஞ்சவன் வெர்லின்னு, அவனே சொல்லச் சொன்னான்னு, சத்தமாச் சொல்லு."