இரண்டு கதவு வைத்த மோட்டார் ரூம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுப் பெங்களூரிலும் சேலத்திலும் வயரிங் ஆட்களோடு சுவர் கொத்தித் திரிந்தேன். பிறகு மின் கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்கிக் கடத்தூரில் கடை பிடித்துப் போர்டு மாட்டினேன். யாரும் வரவில்லை. உட்கார்ந்திருந்தால் ஆகாது என்று, மொரப்பூர்ப் பக்கம் புதிதாக மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்த வழியே சைக்கிளில் போனேன். கம்பம் போகிற விவசாயக் காட்டில்தானே கிணற்றுக்கு மோட்டார் வைப்பார்கள்?

ஒவ்வொரு கிணற்றிலும் ஒரே கேள்வி: "நீ மாட்டுன மோட்டாரு எங்கப்பா ஓடுது?"

எங்கும் ஓடவில்லை. ஒரு கிணற்றிலாவது தண்ணீர் கொட்டவைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

மற்ற கான்ட்ராக்டர்கள் பார்த்துவிட்டு ஒதுங்கிய கிணறு ஒன்று இருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. பேச்சுவார்த்தை கிடையாது. ஆளுக்கொரு நாள் தண்ணீர் முறை. எதிரெதிர்க் கரையில் தனித்தனிக் கவலை கட்டி, மாடு பூட்டி இறைத்தார்கள். அந்தச் சின்னக் கிணறு ஒரு மோட்டாருக்குத்தான் தாங்கும்; இணைப்பும் ஒருவர் பேரில்தான் வரும்.

அண்ணனிடம் முதலில் பேசிவிட்டேன். இணைப்பு தன் பேரில் என்றதும் அவர் சரி என்றார். தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"பேரு அவருதாவே இருக்கட்டுங்க. ரூமப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்குவாரு. என் மொற அன்னிக்கு நான் போயி அவரு வூட்டு வாசல்ல நிக்கணுமா?"

"உங்களுக்கும் ஒரு சாவி தரச் சொல்றங்க."

"பூட்ட மாத்திட்டா? எங்களுக்கு மாடே போதும், போங்க."

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். ஒரு வீட்டில் மோர் குடித்தால் இன்னொரு வீட்டில் முகம் கொடுக்கமாட்டார்கள் என்று, இரண்டிலும் பச்சைத்தண்ணீர்கூட வாங்கவில்லை. கடைசியில் தம்பியின் மனைவி களைக்கொத்தோடு வரப்பில் நின்று கத்தினாள்.

"இந்தாளு நம்ம காட்டையே சுத்திக்கிட்டுக் கெடக்கறாரு! கவல ரெண்டு பக்கமும் ஓடுதில்ல? ரூமுக்கும் ரெண்டு பக்கம் கதவ வெச்சித் தொலைங்களே!"

கேலியாகத்தான் சொன்னாள். நான் அதையே பிடித்துக்கொண்டேன். கிழக்கே அண்ணன் கதவு, மேற்கே தம்பி கதவு, ஆளுக்கொரு பூட்டு. சுவிட்சு வடக்குச் சுவரில். கதவு வைக்கும்போது அண்ணன், "அவன் கதவு பெருசாட்டம் தெரியுதே," என்று முனகினார். கொத்தனாரின் கயிற்றை வாங்கி, இரண்டையும் அவர் கண்ணெதிரே அளந்து காட்டினேன்.

மோட்டார் போட்ட அன்று ஊரே வந்தது. தண்ணீரைவிடக் கதவைப் பார்க்கத்தான் கூட்டம். "மோட்டாருக்கும் பாகம் பிரிச்சாச்சாடா!" என்று ஒருவர் சிரித்தார். குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று விழுந்ததும் சிரிப்பு நின்றது.

கிளம்பும்போது ஒரு விவசாயி என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க கெணத்துக்கு எப்பங்க வருவீங்க? ஆனா நாங்க மூணு பேருங்க."

"அதுக்கென்னங்க, சொவரு நாலு இருக்குதே," என்றேன். "மூணுல கதவு, ஒண்ணுல சுவிட்சு."