ஒன்பதாம் மாடிச் சோளம்

சோளத் தோகை சிமெண்டுக் கூரையில் உரசும்போது, கஞ்சி போட்ட சேலையை யாரோ உதறிக்கொண்டே இருப்பது போல ஒரு சத்தம் வரும். கிளமெண்டியில், ஒன்பதாம் மாடியில், அந்தச் சத்தத்தைக் கேட்டபடிதான் நான் என் கணக்குப் பாடங்களைத் தப்புத் தப்பாகப் போட்டேன். சிங்கப்பூரில் பிறந்து சோளக்காட்டில் ஒளிந்து விளையாடியவள் என்று சொல்லிக்கொண்டு நான் பல விருந்துகளில் கவனம் பெற்றிருக்கிறேன். காடு என்பது மூன்று பெயிண்ட் வாளிகள் என்பதை மட்டும் யாராவது கேட்டால்தான் சொல்வேன்.

வாளிகள் அப்பாவுடையவை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணை விட்டு வந்து, ஜூரோங் கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா இங்கேயே, தேக்காச் சந்தைக்குப் பின்தெருவில் பிறந்தவர்; சோளம் என்றால் மஞ்சளாக இருக்கும், வெண்ணெய் தடவி விற்பார்கள் என்று நம்பியவர். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த விதையை அப்பா பத்திரமாக வைத்திருந்து, ஆடி பிறந்ததும்தான் விதைத்தார். எல்லா மாதமும் ஒரே மாதமாக இருக்கும் இந்த ஊரில் ஆடி எது, ஆவணி எது என்று கேட்டால், “பட்டம்னா பட்டம்தான்” என்பார்.

“மழை பெஞ்சுக்கிட்டே இருக்கிற ஊர்ல சோளம் போடுறாரு லா உங்கப்பா,” என்று அம்மா என்னிடம் சொல்வார், அப்பாவுக்குக் கேட்கும்படியாக. “ஆளு வந்துட்டாரு, காலண்டரு இன்னும் கப்பல் ஏறல.”

வாசலுக்கு வெளியே பொதுத் தாழ்வாரத்துக் குழல்விளக்கு அந்திக்கு எரியத் தொடங்கி விடியும்வரை எரியும். வாளிகளை நேர் அதன் அடியில் வைத்தார் அப்பா. “ஊர்ல பொழுது சாஞ்சா பயிரும் தூங்கிரும், தாயி. இங்க ராத்திரிக்கும் வெளிச்சம் ஓசி. வளரட்டுமே.” அதுவும் வளர்ந்தது. என்னைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, கூரையில் முட்டி, அதற்குமேல் வழியில்லாமல் வளைந்து பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணியின் கொடித்துணிமேல் சாய்ந்தது. அவரை மலாய் வழக்கப்படி மக்சிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவோம். மக்காச்சோளம் என்று நினைத்து, “உங்க ஜாகுங் எப்போ காய்க்கும்?” என்று அவர் மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடியில் போட்டது கார்த்திகைக்குள் பொதி கட்டிக் கதிர் தள்ளியிருக்க வேண்டும். இங்கே தோகைமேல் தோகையாக வந்ததே தவிர, கதிர் என்ற பேச்சே இல்லை.

அந்தக் கார்த்திகையில்தான் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

பார்வை நேரத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் அப்பா தன் சோளத்தைப் பற்றியே குறைபட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க. கதிர் வரட்டும், நான் வந்து என் கையால சோளச்சோறு ஆக்கித் தரேன், போதுமா?” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அப்பா கேட்டுவந்த சோறு அது. கிளிக்கூண்டில் போடுகிற தீனியை நான் ஆக்க மாட்டேன் என்று அம்மா மறுத்துவந்த சோறு. சொன்னதைச் சொன்னபடி நம்பும் வயது எனக்கு. அப்பாவுக்கு அந்த வயதில்லை. ஆனாலும் அன்று நாங்கள் இருவரும் ஒரே வயதில்தான் வீடு திரும்பினோம்.

ஒருநாள் டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்துப் பேசினார். என்ன சொன்னார் என்று அப்பா எனக்குச் சொல்லவில்லை. அன்றே ஆடிப் பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த விதையை விதைத்தார். ஏன் என்று கேட்டேன்.

“முந்திப் போட்டா பயிரு சாவகாசமா வளரும், தாயி. பிந்திப் போட்டா அதுக்கே தெரிஞ்சிரும், நாள் இல்லன்னு. இடுப்பளவுலயே கதிர் தள்ளிரும், பாத்துக்கோ.”

டாக்டர் சொன்னது அதிலேயே இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.

அவசரப் பயிருக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாதென்று, ஸ்டூல் போட்டு ஏறி, விளக்கு மூடியில் செத்துக் கிடந்த பூச்சிகளையெல்லாம் தட்டித் துடைத்தார் அப்பா. வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது. பயிர் இடுப்பளவு வந்தது, நெஞ்சளவு வந்தது, தோகை மட்டுமே வந்தது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் அம்மா, “கதிரு?” என்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். “மெதுவா வரட்டும் லா. எனக்கும் ஒண்ணும் அவசரமில்ல.” பிறகு கேட்பதற்குக் குரல் இல்லாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார். மாசியில் அதுவும் நின்றது.

துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமென்று யாரோ வாளிகளைக் கீழே கொண்டுபோய், எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னால், விளக்கில்லாத புல்மேட்டில் வைத்தார்கள். நாங்கள் மறந்துபோனோம். சில வாரங்கள் கழித்து மக்சிக்தான் கதவைத் தட்டி, ஜாகுங் வந்துவிட்டது, போய்ப் பார் என்றார்.

மூன்று வாளியிலும் கதிர். பால் பிடித்திருந்தது. அப்பா ஒரு மணியை நசுக்கினார். கட்டைவிரலில் வெள்ளையாக வழிந்தது. “இப்ப வந்து நிக்கிறியே,” என்றார். சிட்டுகள் வந்து இறங்கின. கவண் எடுத்துக் கத்தியிருக்க வேண்டிய மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறினார். அதன்பிறகு அவர் எதையும் விதைக்கவில்லை.

வேண்டாததையெல்லாம் படிப்பது என் வியாதி. அப்படித்தான் எப்போதோ ஒன்றைப் படித்தேன். அந்த மாதிரி நாட்டுச் சோளம் பகலை அல்ல, இருட்டைத்தான் கணக்கு வைக்குமாம். ஊரில் பிந்தி விதைத்தது சீக்கிரம் கதிர் தள்ளுவது, அப்போது இரவு நீண்டிருப்பதால். இரவெல்லாம் விளக்கெரிந்தால், இன்னும் காலம் இருக்கிறது என்று நம்பித் தோகையாகவே விட்டுக்கொண்டிருக்குமாம். கதிர் வந்திருந்தாலும் அம்மா வந்திருக்க மாட்டார் என்பது இந்த வயதில் எனக்குத் தெரியும். ஒரு கதிரை அவர் கையில் கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான். அதைப் படித்தபோது அப்பா உயிரோடு இருந்தார்; நான் அவரிடம் சொல்லவில்லை. கடைசிவரை அவர் அந்த விளக்கடியில்தான் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்தார்.

இன்று அந்தப் புளோக்கே இல்லை. மக்சிக்கும் இல்லை. நான் தெம்பனிசில் இருக்கிறேன்; சோளம் தேக்காவில் உடல் இளைக்க உதவும் உணவாக, ஜிப் வைத்த பையில் கிடைக்கிறது. எனக்கு இளைக்க வேண்டிய தேவை நிறையவே இருப்பதால் போன வாரம் ஒரு பை வாங்கினேன். எப்படி ஆக்குவது என்று பின்பக்கம் அச்சடித்திருக்கிறார்கள். படிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தச் சோற்றை ஆக்குவதாகச் சொன்னவர் வேறொருவர்.