பட்டியலில் மட்டும் இருந்த ஒன்பது புத்தகங்கள்

2025 ஜனவரி 21, செவ்வாய். பாப்பிரெட்டிப்பட்டி, அக்கா வீடு. 4.40க்கு விழிப்பு. 5.30க்கு அக்காவை ஸ்கூட்டரில் காலைப் பூசைக்குக் கொண்டுபோய் விட்டேன். 7.30க்கு மூன்று இட்லி. 9.50க்குக் கிளை நூலகம். வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டி, பூட்ஸ் காலோடு உள்ளே போய்விட்டேன். நியூசிலாந்துக்குப் போன புதிதில் அந்தச் சிறு நகரத்து நூலகத்தின் வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சாக்ஸோடு நடந்தவன் நான். அங்கே ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. இங்கே, பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஆரோக்கியசாமி தலையைத் தூக்காமலே சொன்னார்: "வாங்க நியூசிலாந்து. பூட்ஸ அவுத்துட்டு வந்தா நாங்க ஒண்ணும் திருடிக்க மாட்டோம்."

அவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நூலகம் திறக்கும் நேரமும் அவர் வரும் நேரமும் ஒன்று. நான் அனுப்பிய புத்தகங்கள் இருந்த அலமாரியைக் கையால் காட்டினார். "உங்க புக்கு ஒண்ணு பாத்தேன். ஆட்டுக்கு ரோமம் வெட்டறது எப்படின்னு பக்கம் பக்கமா படம் போட்டிருக்கான். நம்மூரு ஆட்டுக்கு ஏதுங்க அவ்ளோ ரோமம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் புத்தகங்கள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அங்கே நாங்கள் இருக்கும் ஊரின் நூலகத்தில் புத்தகம் மட்டும் இரவல் தருவதில்லை. விதை தருவார்கள், கேக் அச்சு தருவார்கள். வியாழக்கிழமைகளில் பின்னல் வட்டம் கூடும். சனிக்கிழமை பத்து மணிக்குத் தமிழ்க் கதை நேரம்; அதை நடத்துபவன் நான். புது நூல்களுக்கு இடம் வேண்டுமென்று பழையவற்றில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி, வாசலில் ஒரு தள்ளுவண்டியில் வைத்துவிடுவார்கள். யாரும் எடுத்துப் போகலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. நூலகர் ஹெலனிடம், "நான் எடுத்ததற்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று கேட்டேன். வழியில் யாராவது பிடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறேன் என அவள் நினைத்துக்கொண்டாள். கனிவோடு என் தோளைத் தட்டி, ஒரு துண்டுக் காகிதத்தில் 'இவர் நல்லவர்' என்று எழுதி, கீழே ஒரு சிரிக்கும் முகம் வரைந்து கொடுத்தாள்.

இங்கே அப்படியில்லை. பதிவேட்டில் ஏறிய புத்தகம், உரியவர் கையெழுத்துப் போட்டு நீக்கும்வரை இருந்தாக வேண்டும். கறையான் தின்றால்கூட மிச்ச அட்டையைக் காட்ட வேண்டும். நூலகர் மாறும்போது வருபவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பொறுப்பேற்பார். பன்னிரண்டு வயதிலிருந்து இந்த நூலகத்தில் படித்தவன் நான். இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. அங்கே கழித்தது இங்கே சுமையாகும் என்று மட்டும் யோசிக்கவில்லை. 'வெளிநாட்டிலிருந்து நூல்கள்' என்று போர்டு எழுதி வைத்து என் பெயரையும் போட்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

நூலகர் செல்வராணி எனக்கு டீ வாங்கி வர ஆள் அனுப்பினார். அவருக்குத் தருமபுரிக்கு மாறுதல் வந்து ஒரு மாதம் ஆகிறது. கணவருக்குப் பக்கவாதம், அங்கே வீட்டில் தனியாகப் படுத்திருக்கிறார். இவர் தினமும் போக வர இரண்டு பஸ் மாறுகிறார். ஆனாலும் இங்கே பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக முடியவில்லை.

"எல்லாம் டேலி ஆயிடுச்சுங்க சார். உங்க லிஸ்ட்ல மட்டும் ஒம்பது ஒதைக்குது. நாப்பத்தாறுல முப்பத்தேழுதான் இருக்கு. வர்ற மேடம் சார்ஜ் எடுக்க மாட்டேங்கறாங்க."

என் தொழில் குளிர்பதனக் கிடங்கில் சரக்கு எண்ணுவது. எண்ணிக்கை தவறினால் எனக்குத் தூக்கம் வராது. பட்டியலை வாங்கினேன். நானே தட்டச்சு செய்தது. பிறகு போனில் என் நாட்குறிப்பைத் திறந்தேன். மாதக் கடைசியில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வைப்பது என் வழக்கம். 2024 மார்ச் 16, சனி: 'தபால் நிலையம் 9.20. இரண்டாவது பெட்டி எடை கூடுதல். ஒன்பது புத்தகங்கள் எடுத்துவிட்டேன். பட்டியல் முதல் பெட்டியில் ஒட்டியாகிவிட்டது. திருத்தி அனுப்ப வேண்டும். 10.00 கதை நேரம்.'

திருத்தி அனுப்பவில்லை. நாட்குறிப்பு எழுதுபவனுக்கு இப்படி ஒரு நோய் உண்டு: எழுதிவிட்டால் செய்துவிட்டதாகவே மனம் அடங்கிவிடும். அந்த ஒன்பதும் இப்போது எங்கள் கார் ஷெட்டில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பெட்டிகள் வந்த அன்று செல்வராணி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: 'சார், லிஸ்ட்படி கையெழுத்துப் போட்டுரலாமா?' எதையும் திறந்து பார்க்காமல் பதில் போட்டேன்: 'நூற்றுக்கு நூறு சரி.'

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். டீ குடித்தேன். பிறகு எழுந்து, அவரோடு சேர்ந்து அலமாரிக்குப் பின்னால் தேடினேன். இல்லாத புத்தகத்தை இருபத்தைந்து நிமிடம் தேடினேன். சட்டையெல்லாம் ஒட்டடை.

தேடிக்கொண்டே அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கௌசல்யான்னு ஒரு புள்ள வருங்க. சித்தேரி மலையில இருந்து. குரூப் ஃபோருக்குப் படிக்குது. உங்க இங்கிலீஷ் புக்க எடுத்து எடுத்துப் பாக்கறது அது ஒண்ணுதான். அக்டோபர்ல அலமாரிய அடுக்கறப்பவே ஒம்பது கொறஞ்சுது, எனக்கு அது மேலயே கண்ணு. நவம்பர்ல நூலக வார விழா. கூட்டம் கலையறப்ப, 'பையத் தொறந்து காட்டிட்டுப் போம்மா'ன்னு சொல்லிப்புட்டேன்."

"என்ன இருந்துச்சு?"

"டிபன் பாக்ஸு. ரெண்டு நோட்டு. எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தாங்க. பைய மூடிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் வரல."

ஆரோக்கியசாமி பேப்பரை மடித்தார். "ஜன்னலோரம் அந்தப் பொண்ணு சீட்டுல யாரும் உக்கார்றதில்லைங்க. எங்களுக்கே ஒரு மாதிரியா இருக்கு."

அப்போதுதான் சொன்னேன். நாட்குறிப்புப் பக்கத்தைக் காட்டினேன். ஒன்பதும் என்னிடம்தான், கடல் தாண்டவே இல்லை என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். செல்வராணி ஸ்டூலில் உட்கார்ந்து பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொட்டி பிரிக்கறப்பவே எண்ணியிருக்கலாமுங்க. எண்ணுனா உங்கள நம்பாத மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்." பட்டியலை மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் புள்ள பைய மட்டும் தொறக்கச் சொல்லிட்டேன்."

அந்த வாக்கியத்தை நாட்குறிப்பில் எத்தனையோ முறை எழுதி அடித்துவிட்டேன். என் கவுரவத்துக்காக எண்ணாமல் விட்டது ஒரு மரியாதை. அந்த மரியாதைக்கான விலை மலையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண்ணிடம் வசூலாகியிருக்கிறது. நானோ அங்கே சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, நூலகம் எல்லோருக்கும் பொது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே நியூசிலாந்து முகவரி. செல்வராணி தலையை ஆட்டினார். "இது ஆவாதுங்க சார். கூப்ட்டா வர்ற அட்ரஸா போடுங்க." பேனாவைப் பிடித்தபடி நின்றேன். கூப்பிட்டால் வருகிற முகவரி என்று எனக்கு எது? கடைசியில் அக்கா வீட்டை எழுதினேன். அங்கே எனக்கு ஒரு கட்டிலும் திரும்பிப் போகும் தேதியும் இருக்கின்றன.

கௌசல்யாவின் எண் அணைந்தே கிடந்தது. நாளை நானே சித்தேரிக்குப் போகிறேன் என்றேன்.

"போங்க. உங்க தப்ப சொல்லுங்க. என் தப்பையும் சேத்து சொல்லிடாதீங்க. வெள்ளிக்கிழமை லைப்ரரி லீவு. அத நான் போயி சொல்லிக்கறேன்."

மறுநாள் புதன். அக்காவைப் பூசைக்கு விட்டுவர அவள் மகனிடம் சொல்லிவிட்டேன். சித்தேரிக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நான் உட்கார்ந்த விதமோ, பையை அணைத்திருந்த விதமோ, கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊருங்க?"

"பாப்பிரெட்டிப்பட்டி."

"அது நீங்க ஏறுன எடம். ஊரு எதுன்னு கேட்டேன்."

வாயைத் திறந்தேன். இரண்டு ஊர்ப் பெயர்களும் வந்து நின்றன. இரண்டையும் சொல்லக் கூச்சமாக இருந்தது. "சித்தேரிக்கு ஒண்ணு குடுங்க" என்று கையை நீட்டினேன்.