கட்டைமேல் நின்ற கார்

ஐந்தாவதோடு நின்றவன் நான். கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அடையாற்றில், ஆற்றை ஒட்டிய தெருவில் ஒரு வீட்டில் கார் துடைக்கிறேன். ஒரே ஒரு கார். ஜெர்மனியில் செய்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். துணிக்கூரையை மடித்தால் தலைக்குமேல் வானம். ஐயாவைவிடச் சில வயதுதான் இளையது, ஆனால் உடம்பில் ஒரு கீறல் இல்லை. மழைக்காலத்தில் ஐயா அதை வெளியே எடுக்க மாட்டார். நின்ற இடத்திலேயே நின்றால் டயர் அழுந்திக் கெட்டுவிடும் என்று, தரைக்குக் கீழே உள்ள ஷெட்டில் மரக்கட்டைகள்மேல் தூக்கி வைத்துவிடுவோம்.

போன வருஷ மழையில், ஏரியைத் திறக்கப்போகிறார்கள், ஆறு பெருகும் என்றதும் தெருவிலிருந்த கார்களெல்லாம் மேம்பாலத்துக்குப் போய்விட்டன. எதிர்வீட்டு டிரைவர் வாசலில் நின்று சிரித்தார்.

“இன்னா நைனா, உங்க சாமி இன்னும் பொறப்படலியா? கட்டைமேல ஏத்தி வச்சிக்கினு கீறீங்க, ஆத்துல கரைக்கப் போறீங்களா?”

ஐயாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “பாலத்துல கண்டவனும் தொடுவான். துணிக்கூரை வேற ஒழுகும். இங்கேயே இருக்கட்டும்” என்றார்.

வாசலில் மணல் மூட்டை அடுக்கினோம். அந்தப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. ஷெட்டின் சாக்கடைத் துளை வழியாகத் தண்ணீர் கீழேயிருந்து வந்தது, கறுப்பாக, சத்தமில்லாமல். காரைக் கட்டையிலிருந்து இறக்க நான் ஜாக்கியைத் தேடி எடுப்பதற்குள் முழங்கால் வரை ஏறிவிட்டது. ஐயா இறங்கிவந்து, காருக்குள் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

“நீ மேல போப்பா. நான் இதோட இருக்கேன்.”

அதுவரை அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கூட நான் பேசியதில்லை. அன்று அவர் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தேன். “விடுப்பா, விடு” என்றார். விடவில்லை. படியேறும்போது, பின்னால் கார் கட்டையிலிருந்து நழுவி விழுந்தது. பிறகு அதன் ஹாரன் தானாக அலறத் தொடங்கியது. தண்ணீருக்குள்ளிருந்து, விடாமல். அது அடங்கும்வரை ஐயா காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் மாதக்கணக்கில் கிடந்து கார் திரும்பி வந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்தால் மட்டும் ஆற்று வாடை.

நேற்று வானம் இருட்டியது. ஐயா, “கட்டைய எடுத்து வை” என்றார்.

“இந்த வாட்டியாவது பாலத்துல வைக்கலாங்க…”

“அதான் நீ இருக்கியே” என்று சிரித்தார்.

கட்டைகளை வைத்துவிட்டேன். சாக்கடைத் துளையில் சாக்கைத் திணித்திருக்கிறேன். எதிர்வீட்டுக் கார் காலையிலேயே பாலத்துக்குப் போய்விட்டது. தண்ணீர் வரும் நேரத்தில் நான் இங்கே இல்லாமல் போனால், ஐயாவைக் கீழே இறங்கவிடக் கூடாது என்பது இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

ஐப்பசி இருபத்தெட்டு.